வீட்டுப் பட்டறையில் உலோகச் சிற்பியின் ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

உலோகச் சிற்பம் என்றதும் பலருக்கு மெழுகு வார்ப்பும் உருக்கு உலையும்தான் நினைவுக்கு வரும். இந்த வழிகாட்டி வேறொரு முறையைப் பற்றியது: இரும்புத் தகட்டையும் கம்பியையும் வெட்டி, வளைத்து, பற்றவைத்து உருவம் எழுப்பும் முறை. உலையும் வார்ப்பு அச்சும் தேவைப்படாததால், ஒரே ஆள் வீட்டோடு சேர்ந்த சிறிய பட்டறையில் தொடங்கி முடிக்கக்கூடிய வேலை இது. இதன் முன்னோடிகளில் இருவர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலஸ் 1918-இல் பிரான்சின் ரெனோ ஆலையில் வேலை பார்த்தபோது வாயுப் பற்றவைப்பைக் கற்றார். 1928-இலிருந்து பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களுக்குக் கைகொடுத்தார். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1925-இல் ஸ்டூடிபேக்கர் கார் ஆலையில் வேலை செய்தவர். வேலையின் ஒழுங்கு கைவந்த பிறகே வடிவத்தில் அவர்கள் அத்தனை துணிச்சலாக நடந்துகொள்ள முடிந்தது என்பது என் எண்ணம்.

வீட்டில் வேலை செய்பவருக்கு அந்த ஒழுங்கை வகுத்துத் தர மேற்பார்வையாளர் எவரும் இல்லை. ஒலியும் நெருப்பும்தான் வகுத்துத் தருகின்றன. அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளும் மணிநேரங்கள் குறைவு. நெருப்பு வேலையை முடித்தவுடன் எழுந்து போய்விடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் இடையில் நாளை எப்படிப் பிரிப்பது என்பதற்கு என்னிடம் ஒரே விதிதான் உண்டு: மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவுகளை நாளின் முற்பகுதியில் எடுங்கள், மாற்ற முடியாத செயல்களை அவற்றுக்குப் பின்னால் தள்ளுங்கள், ஆனால் களைப்பு வரும் நேரம் வரை தள்ளாதீர்கள். கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்த விதியின் விரிவே. எடுத்துக்காட்டுக்காக, ஒற்றைக் காலில் ஊன்றி முன்னால் சாயும் ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 60 செ.மீ., 3 மி.மீ. தகடும் 10 மி.மீ. உருட்டுக் கம்பியும் கொண்டு கட்டப்படுவது.

பட்டறையில் முன்பே அமைந்திருக்க வேண்டியவை

தரை சிமெண்டாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும். கிரைண்டரும் (சுழலும் வட்டத் தகட்டால் இரும்பை வெட்டித் தேய்க்கும் கைக்கருவி) வெல்டிங்கும் தெறிக்கவிடும் பொறிகள் 11 மீட்டர் வரை போகக்கூடும் என்பதே தீப் பாதுகாப்பு விதிகளில் வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு. வீட்டுப் பட்டறையில் அத்தனை வெற்றிடம் யாருக்கும் கிடைக்காது. ஆகவே மரத்தூள், அட்டைப் பெட்டி, துணி, பெயிண்ட், பெட்ரோல் ஆகியவற்றை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, மீதமுள்ள திசைகளைத் தகட்டாலோ தீத்தடுப்புப் போர்வையாலோ மறைக்க வேண்டும். சுவரின் அடியில் உள்ள விரிசல், கதவிடுக்கு, மேசைக்குப் பின்னால் ஒதுங்கிய குப்பை ஆகியவைதான் பொறி போய்ப் பதுங்கும் இடங்கள். தீயணைப்பான் உங்களுக்கும் வாசலுக்கும் இடையில், கை எட்டும் உயரத்தில் தொங்கட்டும்.

காற்றைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கதவைத் திறந்து வைத்திருப்பது மட்டும் போதாது. புகை உங்கள் முகத்தைக் கடந்து போகாமல் பக்கவாட்டில் இழுக்கப்படும்படி மின்விசிறியையும் நீங்கள் நிற்கும் இடத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும். தலையைப் புகைமேல் கவிழ்த்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். வெல்டிங் முகமூடிக்குள் அணியத்தக்க, புகைத்துகளை வடிகட்டும் சுவாசக் கவசம் விலைக்குக் கிடைக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க் இந்த வேலைக்கு உதவாது.

ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம் வீட்டு வேலைக்குப் போதும். அதற்கெனத் தனி மின்சுற்றும் சரியான பிரேக்கரும் வேண்டும். வீட்டு வேலைக்கு நான் ராடு வெல்டிங்கையே (பூச்சுள்ள உலோகக் குச்சியை உருக்கி இணைக்கும் முறை) விரும்புகிறேன். மிக் வெல்டிங் (இயந்திரம் தானாக ஊட்டும் கம்பியை வாயு மறைப்பில் உருக்கும் முறை) வேகமானது, சுத்தமானது. ஆனால் அதன் பாதுகாப்பு வாயுவைச் சற்று வேகமான காற்றுகூடக் கலைத்துவிடும். காற்றோட்டத்துக்காகக் கதவையும் சன்னலையும் திறந்து வைத்திருக்கும் இடத்தில் ராடுதான் தொல்லை தராது.

காலை: ஓசையில்லாத நேரம்

நாளின் முதல் ஒன்றரை மணி நேரத்தில் எந்த இயந்திரத்தையும் இயக்க வேண்டாம். நேற்று விட்ட இடத்திலிருந்து பற்றவைக்கத் தொடங்குவது எளிது; அதுதான் பெரும்பாலான சிற்பங்களைக் கெடுக்கிறது. நேற்று இரவு களைத்த கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த ஒரு கோணம், காலையில் தவறு என்று தெரியலாம்.

உருவத்தை மேசையின் நடுவில் வைத்து, சுற்றி நடந்து, நான்கு பக்கங்களிலிருந்தும் பாருங்கள். பிறகு முழங்காலிட்டுக் கீழிருந்து பாருங்கள். கைவிளக்கை ஒரு பக்கமாகப் பிடித்து, சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். இரும்பின் பளபளப்பும் துருவும் கண்ணை ஏமாற்றும். நிழலில் புறக்கோடு மட்டுமே மிஞ்சும். முன்னால் சாயும் நம் உருவத்தின் முதுகுக்கோடு எங்கே உடைகிறது, தலைப்பக்கம் எங்கே கனக்கிறது என்பது நிழலில் உடனே தெரிந்துவிடும். ஒளிப்படம் எடுத்து அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் இதே பயனைத் தரும்.

புதிய உருவத்தைத் தொடங்குவதாக இருந்தால், தாளில் வரைவதைவிட அட்டையிலும் மெல்லிய கட்டுக்கம்பியிலும் மாதிரி செய்வதே நல்லது. அட்டை, தகட்டைப் போலவே ஒரு பக்கமாக மட்டும் வளையும். இரண்டு பக்கமாக வளைக்கப் பார்த்தால் மடிந்துவிடும். ஆகவே அட்டையில் முடியாத வளைவு 3 மி.மீ. தகட்டிலும் எளிதில் முடியாது என்பதை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். களிமண் மாதிரி இந்த முறைக்குப் பொருந்தாது. களிமண் எதற்கும் இணங்கும், தகடு இணங்காது.

டேவிட் ஸ்மித் 1950-களின் பிற்பகுதியில் செய்த ஒன்றையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரும்புத் துண்டுகளைத் தாளின்மேல் பரப்பி, அவற்றின்மேல் பெயிண்ட் தெளித்து, துண்டுகளை எடுத்ததும் மிஞ்சும் வெண்ணிற வடிவங்களை ஓவியங்களாகவே அவர் வைத்துக்கொண்டார். அவற்றை ஓவியமாகக் கொள்ள வேண்டியதில்லை. தரையில் துண்டுகளைப் பரப்பிச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுப் பாருங்கள். துண்டுகளுக்கு இடையில் இருக்கும் வெற்றிடமும் ஒரு வடிவம் என்பது அப்போது கண்ணில் படும். திறந்த அமைப்புள்ள இரும்புச் சிற்பத்தில் பாதி வேலையை அந்த வெற்றிடம்தான் செய்கிறது.

எடையும் சாய்வும்

காலை நேரத்திலேயே எடையைக் கணக்கிட்டுவிடுங்கள். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. தடிமனில் 7.85 கிலோ எடையுள்ளது. ஆக 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ. உருட்டுக் கம்பிக்குக் கட்டுமான வேலைக்காரர்கள் பயன்படுத்தும் கணக்கே போதும்: மி.மீ.-இல் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 10 மி.மீ. கம்பிக்கு அது 0.617 கிலோ. நம் உருவத்துக்குக் கால் சதுர மீட்டர் தகடும் மூன்று மீட்டர் கம்பியும் தேவை என்றால், மொத்த எடை 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் தூக்கித் திருப்பலாம். அதே உருவத்தை அதே தடிமனில் இரண்டு மடங்கு உயரமாகச் செய்தால் தகட்டின் பரப்பு நான்கு மடங்காகி, எடை 27 கிலோவைத் தாண்டும். தடிமனையும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். வீட்டில் தனியாளாக அதைக் கவிழ்க்கவோ நிமிர்த்தவோ கூடாது.

சாயும் உருவம் விழாமல் நிற்க வேண்டுமானால், அதன் எடை மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அடித்தளத்துக்குள் விழ வேண்டும். உருவம் சாயும் திசையில் அடித்தகட்டை நீட்டுவது எளிய வழி. ஆனால் பார்வைக்கு அது கோழைத்தனமாகத் தெரியும். 30 செ.மீ. சதுரமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள அடித்தகடு 7 கிலோ எடையிருக்கும்; அது ஏறத்தாழ உருவத்தின் எடைக்குச் சமம். அத்தனை எடை தரையை ஒட்டிக் கிடந்தால் மொத்த எடை மையம் கீழிறங்கி, சாய்வைத் தைரியமாகக் காட்டலாம்.

உலோகத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழைய இரும்புக் குவியலில் தேடுவது இந்த வேலையின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பேனர், சங்கிலி, பல்சக்கரம் போன்று பார்த்தவுடன் அடையாளம் தெரியும் பொருள்களை அப்படியே வைத்தால், பார்ப்பவர் கண் முதலில் ஸ்பேனரைத்தான் காணும்; உருவத்தைப் பிறகே காணும். அதை ஒரு பகுதியாக வெட்டியோ திருப்பியோ வைத்தால் மட்டுமே அது உங்கள் வடிவமாகும்.

பழைய உலோகத்தில் ஆபத்தும் உண்டு. கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) தகட்டின் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே பற்றவைக்கும்போது துத்தநாகம் முழுதும் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி அந்தப் பூச்சை முற்றிலும் அகற்றுங்கள் அல்லது அந்தத் துண்டையே ஒதுக்குங்கள். குரோம் முலாம், கேட்மியம் முலாம், வயது தெரியாத பெயிண்ட் ஆகியவை பூசப்பட்ட துண்டுகளைத் தொடாமல் இருப்பதே நல்லது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. அதன் ஆவி வெல்டிங் வெப்பத்திலும் புற ஊதா ஒளியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். இருபுறமும் மூடிய குழாயில் காற்றோட்டத் துளை ஒன்றைப் போட்ட பிறகே சூடேற்றுங்கள். எரிபொருள் இருந்த டாங்கியைப் பட்டறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

வெட்டுதல்

அக்கம்பக்கம் விழித்து, அவரவர் வேலைக்குப் போன பிறகு கிரைண்டரை எடுங்கள். அன்றைக்குத் தேவையான எல்லா வெட்டுகளையும் ஒரே தொடர்ச்சியாக முடிப்பது இருவருக்கும் நல்லது: சத்தம் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடும், உங்கள் கையும் ஒரே வேலையில் நிலைபெறும். இரும்பின்மேல் ஓடும் கிரைண்டரின் ஒலி 100 டெசிபலை எளிதில் நெருங்கும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று கொண்டு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்ற கணக்குப்படி பார்த்தால், 100 டெசிபலைக் காதுக்கவசமின்றித் தாங்கக்கூடிய நேரம் 15 நிமிடம்தான்.

அட்டை மாதிரியைப் பிரித்துத் தகட்டின்மேல் வைத்துக் கோடு வரையுங்கள். சாக்பீஸ் கோடு தடிமனாகவும் எளிதில் அழிவதாகவும் இருக்கும்; துல்லியம் வேண்டிய விளிம்புகளுக்குக் கூர்முனைக் கம்பியால் கீறுங்கள். கிரைண்டரில் மாட்டியிருக்கும் வெட்டுத் தகட்டின் தடிமன் அளவுக்கு இரும்பு பொடியாகப் போய்விடும் என்பதால், கோட்டின்மேல் வெட்டாமல் கோட்டுக்கு வெளியே வெட்டி, பிறகு கோடு வரை தேய்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுத் தகட்டில் பொறித்திருக்கும் சுழற்சி வேகம் உங்கள் கிரைண்டரின் வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும்; பிசினால் பிணைக்கப்பட்ட தகடு ஈரத்திலும் காலத்திலும் வலுவிழக்கும். அதன் விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் சுழல அனுமதிக்கப்பட்டது. அது உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் பறக்கும். அதனால்தான் பாதுகாப்பு மூடியைக் கழற்றாமல், தகடு சுழலும் தளத்துக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வெட்டிக்கொண்டிருக்கும் துண்டு கீழே சரிந்து வெட்டுவாய் மூடிக்கொண்டால், வெட்டுத் தகடு சிக்கி இயந்திரம் உங்களை நோக்கித் துள்ளும். வெட்டி விழவேண்டிய பகுதி தாங்கலின்றித் தொங்கட்டும். வைத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

ஒரு சிறு குறிப்பு: கிரைண்டரில் தோல் கையுறை தேவை, துளையிடும் இயந்திரத்தில் கையுறையே கூடாது, அது சுழலும் அலகில் சிக்கிக் கையை இழுத்துவிடும்.

வளைத்தல்

10 மி.மீ. கம்பியை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடி) பிடித்து, மேலே நீளமான குழாயைச் செருகி நெம்பினால் குளிர்ந்த நிலையிலேயே வளையும். கையை விட்டதும் சற்றுத் திரும்பி நிமிரும் என்பதால், வேண்டிய கோணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை அந்தக் கம்பியிலேயே ஒரு வெட்டுத்துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3 மி.மீ. தகட்டைக் கையால் வளைக்க எளிய வழி, வளைவின் உட்புறத்தில் இணையான பாதியாழ வெட்டுகளைப் போடுவது. வெட்டுகள் நெருங்க நெருங்க வளைவு மென்மையாகும். பிறகு அவற்றை உள்ளிருந்து பற்றவைத்து நிரப்பலாம். குழிவு வேண்டிய இடத்தில், மணல் மூட்டையின்மேலோ குழிந்த மரக்கட்டையின்மேலோ தகட்டை வைத்து உருண்டைமுகச் சுத்தியலால் விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்து அடியுங்கள். அடி ஒவ்வொன்றும் முந்தைய அடியின் பாதியை மூட வேண்டும். தகடு விறைத்து ஒலி கூர்மையானால், செவ்வண்ணம் வரும்வரை சூடாக்கித் தானாக ஆறவிட்டால் அது மறுபடி இணங்கும்.

டேக் வைத்து நிறுத்துதல்

நாளின் மையம் இதுதான். துண்டுகளைச் சிறு புள்ளிகளால் மட்டும் ஒட்டவைப்பதை டேக் வைப்பது என்பார்கள். 4 மி.மீ. நீளமுள்ள ஒரு டேக், துண்டைத் தன் இடத்தில் நிற்கவைக்கும். வேண்டாம் என்றால் ஒரு சுத்தியலடியிலோ கிரைண்டரின் ஒரு தொடலிலோ விட்டுவிடும். உருவத்தின் எல்லா முடிவுகளையும் இந்த நிலையில் எடுத்துவிட வேண்டும். இங்கே செலவழிக்கும் நேரம் ஒருபோதும் வீணாவதில்லை. இங்கே மிச்சம்பிடிக்கும் நேரம் பிற்பகலில் இரண்டு மடங்காகத் திரும்பக் கேட்கும்.

எர்த் கிளாம்ப்பை (வெல்டிங் மின்சுற்றை முடிக்கும் கவ்வி) பூச்சில்லாத இரும்பில், வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். 3 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. தடிமனுள்ள 6013 வகை ராடு போதும். 70 முதல் 90 ஆம்பியர் வரை வைத்துப் பார்க்கலாம். டேக்குக்கு மட்டும் ஐந்து, பத்து ஆம்பியர் கூட்டிக்கொண்டால் ராடு ஒட்டிக்கொள்ளாது. முகமூடியின் கண்ணாடி இந்த அளவுக்கு 10 அல்லது 11 என்ற இருள் எண் (ஷேடு) உள்ளதாக இருக்கட்டும். டேக் வைக்கும்போதுதான் பலர் ‘ஒரே நொடிதானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். அந்த ஒளி இமையைத் தாண்டும். கண்ணில் மணல் கொட்டியது போன்ற வலி பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில்தான் தொடங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முகமூடியை இறக்க வேண்டும். வீட்டார் எவரேனும் பட்டறைக்குள் வந்தால் ஒளி தெறிக்கும் முன் குரல் கொடுக்க வேண்டும்.

வரிசை இது. முதலில் அடித்தகட்டில் ஊன்றுகாலின் முதன்மைக் கம்பியை நிறுத்துங்கள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு டேக் வையுங்கள். அந்த ஒரு டேக் கீல் போல நடந்துகொள்ளும். கம்பியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளிச் சாய்வைத் திருத்த முடியும். உருவத்தின் மொத்த உணர்வும் இந்த ஒரு கோணத்தில் இருக்கிறது: இரண்டு டிகிரி கூடினால் விழப்போகிறது, இரண்டு டிகிரி குறைந்தால் வெறுமனே நிற்கிறது. தூரப்போய்ப் பாருங்கள், திரும்பி வந்து தள்ளுங்கள், மறுபடி தூரப்போங்கள். மனம் நிறைந்த பிறகு எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது டேக், பிறகு குறுக்கே இரண்டு. அதற்குப் பின் முதுகுக்கோடு, இடுப்பு, மற்றொரு கால், இறுதியில் தலை. பெரிய திசைகள் நிலைபெறும் முன் சிறு துண்டுகளை ஒட்டாதீர்கள். ஓர் அழகான சிறு துண்டு ஒட்டிவிட்டால், அதைக் காப்பாற்றுவதற்காகவே தவறான முதுகையும் விட்டுவைக்கத் தோன்றும்.

எல்லாம் டேக்கில் நின்றதும் உருவத்தின் தலைப்பகுதியை விரலால் முன்னால் தள்ளிப் பாருங்கள். அடித்தகட்டின் பின்விளிம்பு எவ்வளவு எளிதாகத் தூக்குகிறது என்பது எடை மையத்தைப் பற்றி எந்தக் கணக்கையும்விட நேராகச் சொல்லும். சின்ன அழுத்தத்துக்கே தூக்கினால் இப்போதே அடித்தகட்டை மாற்றுங்கள்.

இதன் பிறகு இயந்திரத்தை அணைத்து, ஒரு மணி நேரமாவது பட்டறையை விட்டு வெளியேறுங்கள். கையையும் முகத்தையும் நன்றாகக் கழுவிய பிறகே எதையும் உண்ணுங்கள். இரும்புத்தூளும் வெல்டிங் புகையின் படிவும் கையில் இருக்கும். வேலை உடையை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளியேறும் முன் சூடான துண்டுகள்மேல் ‘சூடு’ என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். கறுப்பாக இருக்கும் இரும்பு 400 டிகிரியில்கூட வெளிச்சத்தில் ஆறியது போலவே தெரியும்.

முழுப் பற்றவைப்பு

இடைவேளைக்குப் பின் உருவத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். இப்போதும் சரியாக இருந்தால் முழுப் பற்றவைப்புக்குப் போகலாம். ஐயம் இருந்தால் போக வேண்டாம், டேக்கிலேயே நாளை வரை நிற்கட்டும். ஒரு நாளில் ஒரு சிற்பம் முடிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பற்றவைப்பின் உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரு பக்கங்களையும் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் முழுவதும் பற்றவைத்தால், பாடுபட்டு வைத்த சாய்வு கண் முன்னேயே அந்தப் பக்கம் சரியும். ஆகவே 20 முதல் 30 மி.மீ. வரையான சிறு நீளங்களாகப் பற்றவையுங்கள். முன்னால் ஒன்று, எதிரே பின்னால் ஒன்று, பிறகு உருவத்தின் வேறொரு மூலையில் ஒன்று. கை வைக்க முடியாத அளவு சூடான இணைப்புக்கு உடனே திரும்பாதீர்கள். இயந்திரத்துக்கும் ஓய்வு வேண்டும்: அதன் பலகையில் எழுதியிருக்கும் வேலைச் சுழற்சி பத்து நிமிடத்துக்கான கணக்கு, 40 விழுக்காடு என்றால் அந்த ஆம்பியரில் நான்கு நிமிடம் எரித்து ஆறு நிமிடம் ஆறவிட வேண்டும்.

முகமூடிக்குள் பார்க்கும்போது கண் இயல்பாக ஒளிப்பொட்டையே நாடும். அதை விட்டு, அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள உருகிய குட்டையைப் பாருங்கள். இருண்ட பச்சைக்குள் அது மட்டும் தெளிவாகப் பளபளக்கும். அதன் பின்விளிம்பு பிறைபோல் வளைந்து, ராடின் பூச்சு உருகிப் படியும் கசடு அதற்குப் பின்னால் சற்று மங்கிய நிறத்தில் தொடர்ந்து வரும். குட்டை இரண்டு தகடுகளின் விளிம்பையும் நனைத்த பிறகே கையை நகர்த்த வேண்டும். ராடுக்கும் உலோகத்துக்கும் இடைவெளி ராடின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. இடைவெளி சரியாக இருந்தால் எண்ணெயில் ஏதோ பொரிவது போன்ற சீரான ஓசை கேட்கும். இடைவெளி கூடினால் ஓசை வெடித்துச் சிதறும், துளிகள் தெறிக்கும். சிறிது பழக்கத்துக்குப் பின் காதே கையைத் திருத்திவிடும்.

ஒவ்வொரு நீளமும் முடிந்ததும் கசடைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். முகமூடியை ஏற்றிவிட்டாலும் பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும். சூடான கசடுத் துண்டு நேராகக் கண்ணுக்குத்தான் தெறிக்கும். கசடின்மேல் மறுபடி பற்றவைத்தால் அது உள்ளே சிக்கி இணைப்பு வலுவிழக்கும். வெளியிடத்தில் நிற்கப்போகும் சிற்பமாக இருந்தால், நீர் தேங்கும் இடுக்குகள் எதையும் திறந்து விடாதீர்கள்: முழுவதும் மூடுங்கள், அல்லது கீழே வடிதுளை போடுங்கள்.

தேய்ப்பதும் தேய்க்காமல் விடுவதும்

பழகத் தொடங்கியவர்கள் எல்லா இணைப்பையும் தேய்த்து மறைத்துவிடப் பார்ப்பார்கள். தகடு ஒரே தொடர்ச்சியாகத் தோன்ற வேண்டிய இடத்தில் மட்டும் தேய்ப்பது போதும் என்பேன். ஊன்றுகால் அடித்தகட்டைச் சேரும் இடத்தில் பற்றவைப்பின் வரிகள் தெரியட்டும். சிற்பத்தின் பாரம் முழுவதையும் தாங்கும் இணைப்பு அது, அது கண்ணுக்குத் தெரிவதே நியாயம். ஆனால் கையில் படும் ஒவ்வொரு விளிம்பையும் அரத்தால் மழுக்கிவிட வேண்டும். தேய்க்கும் இடத்தில் ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட தேய்ப்பு வட்டு) 60 கரட்டில் (கரகரப்பைக் குறிக்கும் எண்; கூடக் கூட நயமாகும்) தொடங்கி 120-க்குப் போங்கள். ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் 3 மி.மீ. தகடு பள்ளமாகி, இணைப்பு மெலிந்துவிடும். இரண்டாம் முறை சத்தம் எழும் வேலை இது என்பதால், மாலைக்குள் முடிந்துவிடட்டும்.

மேற்பரப்பு

புதிதாக உருட்டிய தகட்டின்மேல் நீலங்கலந்த சாம்பல்நிற ஆக்சைடு ஓடு இருக்கும். அதன்மேல் துரு சீராகப் பிடிக்காது, பெயிண்டும் நிலைக்காது. வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் அது கழன்றுவிடும். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் கழுவி உடனே உலர்த்த வேண்டும்.

செந்துரு நிறம் வேண்டுமானால், மூன்று விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு எட்டுப் பங்கு, வினிகர் ஒரு பங்கு, சிறிது உப்பு ஆகியவற்றைக் கலந்து, திறந்த வெளியில் கையுறையும் கண்ணாடியும் அணிந்து தெளியுங்கள். சில நிமிடங்களிலேயே நிறம் எழத் தொடங்கும். ஒரே முறையில் கனமாகத் தெளிக்காமல், உலர்ந்த பின் மறுபடி மறுபடி மெல்லத் தெளித்தால் ஆழம் வரும். மீந்த கலவையை மூடிய புட்டியில் வைக்கக் கூடாது. வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம்.

வெப்பத்தால் நிறம் ஏற்றுவது இன்னொரு வழி. பளபளப்பாகத் தேய்த்த இரும்பைச் சுடர்கொண்டு மெதுவாகச் சூடாக்கினால் 220 டிகிரி அருகில் இளமஞ்சளும், 280 அருகில் ஊதாவும், 300-ஐ ஒட்டி நீலமும் தோன்றும். அந்த நிறம் மெல்லிய ஆக்சைடு படலம்தான். விரல்ரேகை இருந்த இடத்தில்கூடக் கறை விழும். ஆகவே ஆல்கஹாலால் துடைத்து, அது முற்றிலும் உலர்ந்த பிறகே சுடரைக் கிட்டே கொண்டுவர வேண்டும். வீட்டுக்குள் வைக்கும் சிற்பத்துக்கு இது ஏற்றது. வெயிலிலும் மழையிலும் இந்த நிறம் நில்லாது.

உள்ளே வைக்கும் எந்தச் சிற்பத்துக்கும் இறுதியில் மெழுகு பூசலாம். இரும்பைக் கை பொறுக்காத அளவு, ஏறக்குறைய 70 டிகிரிக்குச் சூடாக்கினால் 62 முதல் 64 டிகிரியில் உருகும் தேன்மெழுகு தானே பரவி நுண்துளைகளில் இறங்கும். ஆறிய பின் துணியால் தேய்த்து மெருகேற்றுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகும். குவிந்த துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்து அல்லது நீர் நிரப்பிய மூடிய உலோகப் பாத்திரத்தில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

தீயை நிறுத்திய பிறகு

கடைசிப் பொறி விழுந்ததிலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் நீங்கள் பட்டறையில் இருந்தாக வேண்டும். புகைந்துகொண்டே கிடக்கும் தூசிக்குச் சுடராக எழ நேரம் பிடிக்கும்; வீட்டோடு ஒட்டிய பட்டறையில் அந்தக் காத்திருப்பைச் சுருக்குவதற்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதன்று. இதைக் கணக்கில் வைத்தே மாலை நேரத்தைத் திட்டமிட வேண்டும்: ஏழு மணிக்குப் பட்டறையை மூட நினைத்தால், ஆறு மணிக்குப் பின் நெருப்பில்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்கு வேலை நிறைய உண்டு. இயந்திரத்தின் மின்னிணைப்பைத் துண்டியுங்கள், வாயு உருளை இருந்தால் அதன் வால்வை அடைத்துக் குழாயில் உள்ள அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ராடுகளை ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள். தரையைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளித்துக்கொண்டால் இரும்புத்தூள் காற்றில் எழாது. அலுமினியம் தேய்த்த தூளை இரும்புத்தூளோடும் துருவோடும் சேர்த்து வைக்காதீர்கள். அந்தக் கலவை பொறி பட்டால் கடுமையாக எரியும். வெட்டுத்துண்டுகளைத் தடிமன் வாரியாகப் பிரித்து வையுங்கள். அடுத்த உருவத்தின் கையோ கழுத்தோ பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்துதான் கிடைக்கும்.

கடைசியாக, குறிப்பேட்டில் அன்றைய ஆம்பியர், ராடின் அளவு, எந்த இணைப்பு எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தது, துருக் கலவையை எத்தனை முறை தெளித்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். அதன் கீழே நாளைக் காலை உருவத்தில் முதலில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: ‘இடத்தோள் கனமாக இருக்கலாம்’, ‘தலையின் திருப்பம் போதவில்லை’ என்பது போல. அதற்கான தீர்வை இன்றே எழுத வேண்டாம். காலையில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.